வைராக்கியம் வந்த வீடு

காலை ஆறேகாலுக்குக் கும்பகோணத்தில் சென்னை பஸ் ஏறினேன். நெய்வேலி எண்பது கிலோமீட்டர் சொச்சம். டிக்கெட் எண்பது ரூபாய். ஜன்னலோர இடம் கிடைத்தும் வெளியே பார்க்கத் தோன்றவில்லை. கல்லூரி நண்பன் தணிகாசலம் என்னால் சாமியாராகிவிடுவானோ என்ற பயம்தான் வழியெல்லாம்.

சுரங்கத்தில் ஷிப்டு ஷிப்டாக உழைத்து ஓய்வுபெற்றவன், "பொழுது போகலடா, வேதாந்தம் சொல்லிக்கொடு" என்று கேட்டிருந்தான். நான் சம்ஸ்கிருத வாத்தியார், சும்மா இருப்பேனா? தினம் ஒரு சொல்லை வாட்ஸப்பில் அனுப்பினேன். ஆத்மா, மாயை தாண்டி 'வாசனை' வந்தது. பழைய அனுபவங்கள் மனத்தில் விட்டுச்செல்லும் தடம் என்று விளக்கினேன். "எம்மேல இன்னும் நிலக்கரி வாசனதான்" என்று பதில் போட்டான். அடுத்த சொல் 'வைராக்கியம்', பற்றை விடுவது. அதற்குப் பதிலே இல்லை. முந்தாநாள் அவன் மனைவி மல்லிகாதான் போன் செய்தாள்.

"அண்ணே, அவருக்கு வைராக்கியம் வந்துடுச்சுங்க. வூட்ட வுட்டுப் போறன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. நீங்க நேர்ல வந்து சொன்னாதான் கேப்பாரு."

நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஒற்றைக் கால் என்றதும் என் கண்முன் வந்தது தவம்தான்.

ஒன்பது மணிக்கு நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்கி, நூறு ரூபாய் பேசி ஆட்டோ ஏறினேன். டவுன்ஷிப்புக்குள் நேரான சாலைகள், இருபுறமும் மரங்கள், பிளாக் எண் எழுதிய பலகைகள். தெருவின் பெயரைச் சொன்னதும் ஓட்டுநர், "அங்க பாதிப் பேரு வூட்ட வுட்டுப் போயிட்டாங்களே சார்" என்றார்.

"பாதிப் பேரா?" என்றேன். நான் ஒருவனுக்குத்தானே அனுப்பினேன்?

"வயசானா போய்த்தானே ஆவணும்."

வீட்டுக்குள் சாமி படம்கூட இல்லை. வெறும் தரையில் தணிகாசலம் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான்.

"உக்கார நாற்காலிகூட இல்லடா. எல்லாத்தையும் அனுப்பிட்டேன்."

"அவசரப்படாதே தணிகா. மல்லிகாவை நினைச்சுப் பார். காவி கட்டுறதுன்னா..."

"காடாம்புலியூருக்குப் போறதுக்கு எதுக்குடா காவி?"

பிறகுதான் விளங்கியது. ரிட்டையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சொந்த ஊரான காடாம்புலியூரில் வீடு கட்டிவிட்டான். கெடு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர், "நீயா? கடைசி நாள் வரைக்கும் ஒட்டிக்கினு இருப்ப" என்று சீண்டிவிட்டார். இந்த வெள்ளிக்கிழமையே போய்க் காட்டுகிறேன் என்று இவன் சபதம் போட்டுவிட்டான். நான் அனுப்பியது சம்ஸ்கிருத வைராக்கியம். இவனுக்கு வந்தது தமிழ் வைராக்கியம். போன உயிர் திரும்பி வந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

மல்லிகா சிரிக்கவில்லை. பின்பக்கம் அழைத்துப்போய் ஒரு பலாமரத்தைக் காட்டினாள். முதல் காய்ப்பு. அடிமரத்தில் மூன்று காய்கள் தொங்கின.

"நா வெச்ச மரம்ணே. ஒரு மாசத்துல பழுத்துடும். ஒரு சொளயாவது தின்னுட்டுப் போலாம்னா கேக்க மாட்டேங்கறாரு."

"போற ஊரே பலாக்காடு" என்றான் தணிகாசலம்.

"அது ஊரு மரம். இது எம்மரம்."

என் வாத்தியார் வேலை அப்போதுதான் கைகொடுத்தது. "ஓடிப்போறது வைராக்கியம் இல்லடா. இங்கேயே இருக்கணும், ஒட்டாம இருக்கணும். எவன் என்ன சொன்னாலும் உறைக்கக் கூடாது. அதுதான் கஷ்டம்."

அவன் மரத்தையும் பக்கத்து வீட்டு மதிலையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப ஒரு மாசம் இங்கயே வைராக்கியமா இருந்து காட்டறேன்."

அது எந்த மொழி வைராக்கியம் என்று நான் கேட்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குப் பஸ் ஏறினேன். மனசு லேசாக இருந்தது. இந்த முறை ஜன்னலுக்கு வெளியே முந்திரித் தோப்புகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கும்பகோணத்தில் எங்கள் வீட்டை யாரும் காலி செய்யச் சொன்னதில்லை. அதனால்தான் பற்றை விடுவது பற்றி அத்தனை சுலபமாக எழுதி அனுப்பியிருக்கிறேன்.

சேத்தியாத்தோப்பு தாண்டும்போது மல்லிகாவின் போன் வந்தது.

"அண்ணே, கட்டிலு திரும்பி வந்துக்கினு இருக்குதுங்க."