டிக்கியில் நின்ற பெயர்

திண்டிவனத்தில் கார் வைத்திருப்பவர்களிடம் பாலிஷ் அப்பாதுரை என்றால் தெரியும். கடை கிடையாது, போர்டு கிடையாது. போன் போட்டால் போதும், டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பாலிஷ் மிஷின், தேய்க்கிற கம்பவுண்டு டப்பா, துணி மூட்டை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார். வேலை சுத்தம். ஆள்தான் ஒரு மாதிரி. "வெயில்ல நிக்கிற வண்டியத் தொட மாட்டேன், நிழல்ல வைங்க" என்று சொல்லிவிட்டு, வண்டி நகரும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். எவ்வளவு பெரிய ஆபீசராக இருந்தாலும் இதேதான்.

போன மார்கழி வரை இன்னொரு பழக்கமும் இருந்தது. ரோட்டில் மெரூன் கலர் கார் எது போனாலும் கழுத்தைத் திருப்பி நம்பரைப் பார்ப்பார். ஆறு வருஷமாகப் பார்த்தார். டீக்கடையில் இதை வைத்துக் கிண்டல் நடக்கும். கிண்டல் செய்கிறவர்களுக்கு என்ன தெரியும்!

அந்த ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்பாதுரை டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்த வண்டி, மெரூன் கலர். டிக்கியில் மகளின் பெயரை ஸ்டிக்கர் வெட்டி ஒட்டியிருந்தார்: ஆர்த்தி. மூன்றாவது படித்தாள். டீச்சர் கொடுத்த நட்சத்திர ஸ்டிக்கரைக் கொண்டுவந்து, பெயருக்குப் பக்கத்தில் கோணலாக அவளே ஒட்டினாள். ஒட்டிவிட்டு இடுப்பில் கைவைத்து நின்று அழகு பார்த்தாள்.

அவளுக்கு ஜுரம் வந்து மூன்றாம் நாள். பாஞ்சாலி, அப்பாதுரையின் மனைவி, மாத்திரை வாங்கப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஆர்த்தியே போன் செய்தாள்.

"எப்பா, ஜல்தி வாப்பா. குளுருது."

அப்பாதுரை அப்போதுதான் செங்கல்பட்டில் ஒருவரை இறக்கிவிட்டிருந்தார். தாம்பரம் போக இன்னொருவர் பெட்டியோடு நின்றார். "ஒரே ஒரு சவாரி கண்ணு, முடிச்சிட்டு வந்துர்றேன்" என்றார். முடித்துவிட்டுத்தான் வந்தார். வந்து, பிள்ளையைப் பின் சீட்டில் படுக்கவைத்து, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். விக்கிரவாண்டி தாண்டியதும் பின்னால் முனகல் நின்றுவிட்டது.

காரியம் முடிந்த மறுநாளே ஸ்டிக்கரைச் சூடு காட்டி உரித்தார். வண்டியைப் புரோக்கரிடம் தள்ளினார். "புள்ளயத்தான் வுட்டுட்ட. பேரையுமாய்யா உரிப்ப?" என்று கேட்டாள் பாஞ்சாலி. அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தேவலை. வண்டி கைமாறிக் கைமாறி எங்கே போனதென்று புரோக்கருக்கே தெரியவில்லை. ஒரே ஒரு தடவை அதைக் கண்டுபிடித்து, அந்த இடத்தைத் தொட்டு, மகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். அப்பாதுரை பாலிஷ் வேலைக்கு வந்ததே அதற்குத்தான்.

போன மார்கழியில் பிரம்மதேசத்திலிருந்து கோபி என்பவர் போன் செய்தார்.

"அண்ணே, செகண்ட் ஹேண்டுல ஒரு வண்டி எடுத்தேன். டிக்கியில ஸ்டிக்கர் உரிச்ச தடம் இருக்குது. காலைல பனி எறங்குனா எழுத்தெழுத்தா தெரியுது. எம் பொண்ணு அதும் முன்னாடி நின்னு பேசிக்கினு இருக்கா. பெரிய பேஜாரா போச்சு. வந்து அழிச்சிக் குடுங்க."

ஸ்டிக்கர் தடம் அப்பாதுரைக்குப் புதிதல்ல. ஸ்டிக்கர் மூடிய இடத்தில் வெயில் படாது. சுற்றிலும் கலர் வெளுத்தாலும் எழுத்து இருந்த இடம் அப்படியே நிற்கும், ஈரம் பட்டால் எடுப்பாகத் தெரியும். தேய்த்தால் போய்விடும்.

"இன்னா கலருங்க?"

"மெரூன்."

கோபியின் வாசலில் விதை மல்லாட்டைக் கடலை மூட்டைகள் அடுக்கியிருந்தன. வேப்பமர நிழலில் கார். அப்பாதுரை நம்பரைப் பார்த்தார். அதே வண்டி. மெல்ல டிக்கியின் முன் குனிந்து வாயால் ஊதினார். ஆவி படிந்தது. ஆர்த்தி. பக்கத்திலேயே கோணல் நட்சத்திரம்.

"ஊதாத தாத்தா. அக்காவுக்குக் குளுருது."

திரும்பிப் பார்த்தார். கோபியின் மகள் கலைப்பிரியா. நாலு வயசு இருக்கும்.

"எந்த அக்கா பாப்பா?"

"ஆர்த்தி அக்கா."

கோபி தொண்டையைச் செருமினார். "இவளுக்கு இன்னும் ஒரு எழுத்துத் தெரியாதுண்ணே. வீட்ல யாரும் படிச்சும் காட்டல. அதான் பயமா இருக்குது."

அப்பாதுரை பாப்பாவின் பக்கம் குனிந்தார். "அக்கா ஏன் இங்க நிக்குது?"

"அவங்கப்பா வருவாராம். ஒரே ஒரு சவாரி முடிச்சிட்டு."

ஆர்த்தியிடம் போனில் சொன்ன அந்த வார்த்தையை அவர் இன்றுவரை வேறு யாரிடமும் சொன்னதில்லை, பாஞ்சாலியிடம்கூட. பட்டப்பகல். மரத்தில் காக்கை கத்துகிறது. ஆறு வருஷமாகவா நிற்கிறாள்? அடப் பாவி, ஆறு வருஷமாகவா?

"முடியாதுன்னா சொல்லிடுங்கண்ணே" என்றார் கோபி. "மொத்தமா பெயிண்டே அடிச்சிடுறேன்."

"வாணாங்க. நானே செய்றேன்."

வேறொருத்தன் கை அந்தப் பெயர்மேல் படக்கூடாது. மிஷினை அவர் எடுக்கவில்லை. துணியில் கம்பவுண்டைத் தொட்டு, ஜுரத்தில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியைத் துடைப்பதுபோல் கையாலேயே தேய்த்தார். "வந்துட்டேன் கண்ணு" என்று வாய்க்குள் சொன்னார். "லேட்டாயிடுச்சு. அப்பன மன்னிச்சிடும்மா." கண் கலங்கியது. துணி சூடேறியிருந்தது. தேய்த்த சூடு என்றுதான் முதலில் நினைத்தார். துணியை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நிழலில் நிற்கும் வண்டி, மார்கழிக் குளிர். தகரம் முழுக்கச் சில்லென்று இருக்க, பெயர் இருந்த இடம் மட்டும் கொதித்தது.

கையை எடுக்காமல் தேய்த்துக்கொண்டே இருந்தார். கடைசியாகப் போனது நட்சத்திரம். ஊதிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. தொட்டுப் பார்த்தார், அந்த இடமும் சில்லென்று ஆகியிருந்தது. கோபிக்கு இப்போதுதான் மூச்சு வந்தது.

அப்பாதுரை சாமானை எடுத்து வைத்தார். எப்போதும் எக்ஸ்எல்லின் பின் சீட்டில் கட்டும் மூட்டையை அன்றைக்கு ஏனோ முன்னால், காலடியில் வைத்துக்கொண்டார். வண்டியை உதைத்ததும் கலைப்பிரியா ஓடிவந்தாள்.

"அக்கா ஏறிக்கிச்சு தாத்தா. மெதுவா ஓட்டு. அதுக்கு ஜுரம்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகில், சட்டைக்கு மேல், ஓர் இடத்தில் மட்டும் சூடு தெரிந்தது. திண்டிவனம் வந்தது. வீட்டுக்குத் திரும்பும் தெருவும் வந்தது. அவர் திரும்பவில்லை. பெரிய ரோட்டைப் பிடித்துத் தெற்கே நேராக ஓட்டினார்.

விக்கிரவாண்டி டோல்கேட்டின் ஓர வழியில் வண்டி ஊர்ந்தபோது, பையோடு நின்ற ஒருவர் கை காட்டினார்.

"முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி வரைக்கும் வர்றேங்க. பின்னாடி காலியாத்தானே இருக்குது?"

"ஆளு இருக்குதுங்க" என்றார் அப்பாதுரை. "இன்னிக்கி வேற சவாரி ஏத்த மாட்டேன்."