மஞ்சள் கோட்டுக்குள் கத்திரி வெயில்

காரைக்கால் பக்கத்து நெரவியில் சவரிநாதன் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். மொளகா சவரி வீடு என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். கோபம் அப்படி. டீயில் ஆடை மிதந்தால் கோபம், பூசையில் சாமியார் பிரசங்கத்தை இழுத்தால் கோபம். பின்னால் வருகிறவன் காரணமில்லாமல் ஹாரன் அடித்தால் லாரியை நிறுத்தி, இறங்கிப் போய் என்னவென்று கேட்டுவிட்டுத்தான் மறுபடி ஏறுவான். "லைசென்ஸ் கொடுத்தவன் கண்ணைப் பாத்தான், கையைப் பாத்தான், ஒங்க வாயைப் பாக்காம விட்டுட்டான்" என்பாள் அவன் மனைவி இருதயமேரி. ஆனால் ஒன்று. எழுபதுகள் முழுக்க நெல்லும் உப்பும் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் ஓடியவன், ரோட்டில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை.

எண்பதுகளின் நடுவில் நெல் லோடு குறைந்துபோன ஒரு வருஷம், லாரி முதலாளி கோவிந்தராசு வண்டியை எண்ணெய்க் கிணறு தோண்டும் கம்பெனி ஒன்றுக்கு வாடகைக்கு விட்டார். ஊருக்குத் தெற்கே ஒரு பொட்டல் திடலை வளைத்து வேலி போட்டு, கம்பெனிக்காரர்கள் இரும்புக் குழாய்களை மலையாக அடுக்கி வைத்திருந்தார்கள். அதற்கு யார்டு என்று பெயர். கிரேன் குழாயைத் தூக்கி லாரியில் வைக்கும். லாரி அதைக் கிணறு தோண்டும் வயலில் கொண்டுபோய் இறக்கும். வேலை அவ்வளவுதான். விதிகள்தான் அவ்வளவோடு நிற்கவில்லை.

கேட்டில் இங்கிலீஷில் ஒரு பெரிய பலகை, இந்தியில் ஒரு பெரிய பலகை. தமிழில் 'கவனம்' என்று ஒரே வார்த்தை. எதைக் கவனிக்க வேண்டும் என்பதை வாட்ச்மேன் செல்லையன் வாயால் சொல்லுவான். கைலி கூடாது, பேண்ட் போட வேண்டும். முழுக்கைச் சட்டை வேண்டும். தலையில் ஹெல்மெட், காலில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். கண்ணாடியில் தொங்கும் ஜெபமாலை பார்வையை மறைக்கும், கழற்று. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தால் வழுக்கும், வைக்காதே. எலுமிச்சம்பழத்தில் வழுக்கி விழுந்த லாரியை இந்த உலகத்தில் எவன் பார்த்தானோ தெரியாது. ஆனால் எங்கோ ஒரு குளுகுளு அறையில் உட்கார்ந்து எவனோ அதையும் யோசித்திருக்கிறான்.

இதையெல்லாம்கூட சவரி திட்டிக்கொண்டே பொறுத்துக்கொண்டான். பொறுக்க முடியாதது மஞ்சள் கோடு.

லாரிக்காரன் பகலில் எங்கே படுப்பான் என்று லாரி ஓட்டாதவர்களுக்குத் தெரியாது. லோடு ஏறும் வரைக்கும், இறங்கும் வரைக்கும், முதலாளி வரும் வரைக்கும் என்று அவன் வாழ்க்கையில் பாதி காத்திருப்பதிலேயே போகும். அதற்காக வண்டிக்கு அடியில், சேஸிஸில் கயிறு கட்டி ஒரு தூளி போட்டுக்கொள்வான். சவரியின் தூளி இருதயமேரியின் பழைய சேலை. எந்தப் பொட்டலில் நிறுத்தினாலும் அங்கே நிழல் உண்டு, கொஞ்சம் காற்றும் உண்டு. நிழலை லாரிக்காரன் கூடவே கொண்டு போகிறான்.

யார்டில் அது கூடாது. நிற்கிற வண்டிக்கு அடியில் ஆள் இருக்கக் கூடாது. கிரேன் ஓடும்போது கேபினுக்குள் இருக்கக் கூடாது. வண்டி உள்ளே இருக்கும்போது டிரைவர் கேட்டுக்கு வெளியே போகக் கூடாது. அப்படியானால் மனுஷன் எங்கேதான் இருப்பான்? அதற்குத்தான் திடலின் நடுவில் சிமெண்டுத் தரையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு சதுரம் போட்டிருந்தார்கள். டிரைவர்கள் அதற்குள் நிற்க வேண்டும். மேலே ஆகாசம்.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு விதியும் நியாயம்தான். வேறெங்கோ ஒரு யார்டில் தூளியில் தூங்கியவன் மேல் வண்டி ஏறியிருக்கிறது. இன்னோர் இடத்தில் கேபின் மேல் குழாய் விழுந்திருக்கிறது. செத்தவர்கள் எல்லாரும் நம்மைப் போன்றவர்கள், அவர்களுக்காக விதி போட்டால் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் விதி போட்டவன் நிழல் போட மறந்துவிட்டான். மறந்ததைச் சொன்னாலாவது காதில் வாங்க வேண்டுமல்லவா?

சவரி சொன்னான். பாதுகாப்பு அதிகாரி அம்பலவாணனிடம் போய், "சார், நாலு மூங்கில் நட்டு ரெண்டு கீத்து போட்டுக்குறோம். எங்க செலவு, எங்க கூலி. நீங்க சரின்னா போதும்" என்றான்.

"கீத்து தீப்பிடிக்கும். யார்டுக்குள்ள அனுமதி இல்ல."

"அப்ப தார்ப்பாய் கட்டிக்குறோம்."

"காத்துல பறந்து கிரேன்ல சிக்கும். அதுவும் கூடாது. ஷெட் போட மேல எழுதிருக்கேன், வரும்."

"கேட்டுக்கிட்ட ஒரு வேப்பமரம் நின்னுச்சே சார், அது நிழலாவது..."

"கிளை கரண்ட் கம்பில ஒரசுது. அதான் வெட்டுனோம்."

அம்பலவாணன் கெட்டவன் இல்லை. யாரையும் ஒருமையில் கூப்பிடாதவன், கையெழுத்துக்கு ஒரு டீகூட வாங்காதவன். கெட்டவனாக இருந்தால் கெட்ட வார்த்தை நாலு சொல்லிவிட்டு வந்திருக்கலாம். இந்த நல்லவனை என்ன செய்வது? சவரி பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினான். அன்றிலிருந்து மஞ்சள் சதுரத்துக்கு 'அப்பளம் பொரிக்கிற எடம்' என்று பெயர் வைத்தான்.

அந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்தவர்களில் ஒருவர் தர்மலிங்கம். கிளிஞ்சல்மேட்டுக்காரர், மீனவக் குடும்பம், ஆனால் கடலை விட்டு வந்து நெடுங்காலம் லாரி ஓட்டுகிறவர். ஐம்பதைத் தாண்டியவர். சவரிக்கு எவ்வளவு கோபமோ அவருக்கு அவ்வளவு பொறுமை. யார்டில் எல்லாரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒருநாள் அவர் கண்ணயர்ந்து தூளியில் படுத்திருந்ததை அம்பலவாணன் பார்த்துவிட்டான். இன்னொரு தடவை பார்த்தால் கேட் பாஸைப் பிடுங்கிவிடுவேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னான். பாஸ் போனால் உள்ளே வர முடியாது, வண்டி வேறு டிரைவர் கைக்குப் போய்விடும். அந்த வயதில் அவருக்கு வேறு வண்டி யார் தருவார்கள்? தர்மலிங்கம் தூளியை அவிழ்த்துச் சுருட்டிக் கேபினில் போட்டார்.

"நீங்க எதுக்குண்ணே பயப்படுறீங்க? ஆம்பளையா கேளுங்க" என்று சவரி குதித்தான்.

"ஒனக்கு வாய் இருக்கு, நீ கேளு. எனக்கு இன்னும் ஒரு பொண்ணு கட்டிக் குடுக்கணும் தம்பி" என்றார் அவர்.

கத்திரி பிறந்தது. காரைக்கால் பக்கத்துக் கத்திரியைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கடல் காற்று மதியம் தாண்டித்தான் வரும். அதுவரைக்கும் இலை அசையாது, உடம்பில் ஊறுகிற வேர்வை காயாது. அப்படி ஒருநாள் காலையிலேயே லாரிகள் வரிசையாக உள்ளே வந்துவிட்டன. குழாய் தூக்கும் இரும்புக் கயிற்றை அம்பலவாணன் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் கிரேன் ஓட வேண்டும். அவன் கூட்டத்தில் இருந்தான். பாதுகாப்பைப் பற்றிய கூட்டம். கதவைச் சாத்திக்கொண்டு, ஏசி ஓட, பேசிக்கொண்டே இருந்தார்கள். கிரேன் சும்மா நின்றது. ஹெல்மெட்டும் முழுக்கைச் சட்டையும் ரப்பர் பூட்ஸுமாக டிரைவர்கள் மஞ்சள் சதுரத்தில் நின்றார்கள்.

வெயில் உச்சிக்கு ஏறிற்று. சவரி இரண்டு தடவை ஆபீஸ் கதவைத் தட்டப் போனான். கோட்டைத் தாண்டாதே என்று செல்லையன் இரண்டு தடவையும் மறித்தான். திரும்பி வந்தவன் தர்மலிங்கத்தின் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டான். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. எல்லாருக்கும் சட்டை நனைந்து ஒட்டியிருக்க, அவர் சட்டை மட்டும் காய்ந்து கிடந்தது.

"அண்ணே, வண்டிக்கு அடியில போய்ப் படுங்க. எவன் கேக்குறான்னு நான் பாக்குறேன்."

"வேணாம்டா. செத்த நேரம். இப்ப கூட்டம் முடிஞ்சிரும்" என்றார். அடுத்து கடல், வலை, யாரோ ஒருவன் பெயர் என்று சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னார். சொல்லிக்கொண்டே மடங்கி விழுந்தார். ஹெல்மெட் கழன்று உருண்டது.

"தொடாதீங்க! முதலுதவி ஆளுதான் தொடணும்!" என்று செல்லையன் கத்தினான். பாவம், அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். முதலுதவி ஆளும் கூட்டத்தில்தான் இருந்தான். சவரி செல்லையனைப் பிடித்துத் தள்ளிவிட்டு, அண்ணனைத் தூக்கி லாரியின் நிழலில் போட்டு, பூட்ஸை உருவி, கேபினில் வைத்திருந்த குடத்துத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தான். உடம்பு அடுப்பில் வைத்த கல்லாகச் சுட்டது. தட்டினால் கண் திறக்கவில்லை. மற்ற டிரைவர்கள் கைகொடுக்க, அவரைத் தன் கேபினில் ஏற்றிப் படுக்க வைத்து வண்டியைக் கிளப்பினான்.

கேட்டில் சிவப்பும் வெள்ளையும் அடித்த கட்டை குறுக்கே கிடந்தது. "தூக்குடா!" என்றான் சவரி.

"சார் கையெழுத்து இல்லாம வண்டி வெளியில போவக் கூடாதுண்ணே. என் வேலை போயிரும்ணே." செல்லையன் அழுதுவிட்டான்.

"போவட்டும். உசிரு போறது தெரியல ஒனக்கு?"

சவரி வண்டியைப் பின்னால் எடுத்தான், முதல் கியரைப் போட்டான், கட்டையை உடைத்துக்கொண்டு ரோட்டில் ஏறினான். ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரி வாசலில்தான் நிறுத்தினான். டாக்டர்கள் ஓடிவந்தார்கள். ஐஸ் கட்டி வைத்தார்கள், ஊசி போட்டார்கள், மனுஷர்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். கடல் காற்று வீசத் தொடங்கிய நேரத்தில் தர்மலிங்கம் போய்விட்டார்.

மண் போட்டு நாலு நாளில் சவரியை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் நடுவில், அம்பலவாணன் பக்கத்தில். கேட் கட்டையை உடைத்தது, அனுமதியில்லாமல் வண்டியை வெளியே எடுத்தது, ஹெல்மெட் இல்லாத ஆளைக் கேபினில் ஏற்றியது. அந்த மாதத்தில் யார்டில் நடந்த ஒரே விபத்து இது என்றார் மேனேஜர். பாஸ் ரத்து.

சவரிக்கு முதலில் காதில் சரியாக விழவில்லை என்றே தோன்றியது. "ஒரே விபத்தா? அப்ப எங்க அண்ணன் செத்தது?"

"அது ஆஸ்பத்திரியில நடந்த மரணம். யார்டுல எந்த விதியும் மீறப்படல. அவர் நிக்கவேண்டிய எடத்துலதான் நின்னிருக்கார். வயசானவர், ஒடம்புல ஏதாவது இருந்திருக்கும்" என்றார் மேனேஜர்.

கட்டை உடைந்தால் விபத்து. மனுஷன் செத்தால் உடம்பில் ஏதோ. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சவரி மேசையை ஓங்கிக் குத்தினான். தண்ணீர் தம்ளர் உருண்டு உடைந்தது. "இதையும் விபத்துல சேத்துக்குங்க!" என்று கத்திவிட்டு வெளியே வந்தான். வாழ்நாளெல்லாம் கோபப்பட்டவன்தான். ஆனால் அதுவரை பட்டதெல்லாம் கோபமே இல்லை என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

நேரே கிளிஞ்சல்மேட்டுக்குப் போனான். தர்மலிங்கத்தின் மனைவி அஞ்சுகம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காரைக்கால் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். நாலு தெருவுக்குக் கேட்கும் குரல், நாலு நாளாக வெளியே வரவில்லை.

"என்ன சொன்னானுவ தம்பி?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தான். அவனுக்குப் பொய் வராது. "விபத்து இல்லையாம் அக்கா. எந்த விதியும் மீறலியாம். அண்ணனுக்கு ஒடம்புல ஏதோ இருந்துச்சாம்."

"கடல் வேணாம், போனா திரும்பி வருவீங்களோ மாட்டீங்களோன்னு நாந்தான் அழுது அழுது லாரிக்கு அனுப்புனேன். தரையில பயமில்லன்னு நெனச்சேன்" என்றாள் அஞ்சுகம். எழுந்து கூந்தலை அள்ளி முடிந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடியாமல் தாலி அறுத்தவள் தெருவில் இறங்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். கிழவிகள் கையைப் பிடித்து இழுத்தார்கள். "விதியக் காட்டித்தான் என் புருசனைக் கொன்னானுவ. எனக்கும் விதி சொல்ல வந்துட்டீங்களா?" என்று உதறினாள். அந்தக் குரல் கேட்டுத் தெருவிலிருந்த மீன்காரிகள் அத்தனை பேரும் கூடையைப் போட்டுவிட்டு வந்தார்கள்.

மறுநாள் உச்சி வெயிலில் அவர்கள் யார்டுக்குள் நுழைந்தார்கள். கேட்டுக்குப் புதுக் கட்டை இன்னும் வரவில்லை. செல்லையன் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கினான். எங்கே நின்றார் என்று அஞ்சுகம் கேட்டாள். சவரி கையைக் காட்டினான். அவள் போய் அந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். கிரேன் நின்றது. டிரைவர்கள் ஒவ்வொருவராக வந்து பின்னால் உட்கார்ந்தார்கள்.

தலைமுக்காடு கூட இல்லாமல் அவள் நெடுநேரம் அப்படியே இருந்தாள். சவரி எவ்வளவோ பேச வேண்டும் என்று வந்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்தவன் டிரைவர்களோடு போய் உட்கார்ந்தான். கடைசியில் ஆபீஸ் கதவு திறந்தது. அம்பலவாணன் ஒரு குடையை விரித்துக்கொண்டு ஓடிவந்தான். அவன் முகத்தில் நிஜமான பதற்றம் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

"அம்மா, எந்திரிங்கம்மா. இந்த வெயில்ல இப்படி இருக்காதீங்க. மயக்கம் போட்டு விழுந்துருவீங்க. உசிருக்கே ஆபத்தும்மா!"

அஞ்சுகம் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"தெரியுமா ஒனக்கு?" என்றாள். "தெரிஞ்சுதான் அவரை நிக்க வச்சியா?"

அம்பலவாணன் குடையை யார் தலைக்கு மேல் பிடிப்பது என்று தெரியாமல், வெயிலில் அப்படியே நின்றான்.