லீவு விடப்பட்ட ஆறு பேர்

மாதையனுக்குச் சொந்த ஊர் மேச்சேரிப் பக்கம். எழுபதுகளின் தொடக்கத்தில் பெரியம்மைக்கு ஊசி போடுகிறவராக வீடு வீடாக ஏறி இறங்கியவர். வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். கேட்டால், "ஊட்டுல யாருமில்லீங்க" என்பார்கள். அம்மை கண்ட குழந்தை உள்ளறையில் படுத்திருக்கும். அம்மை ஒழிந்ததும் அந்த வேலையும் ஒழிந்தது. சில வருடம் கொசு மருந்து அடித்தார். எண்பத்து மூன்றில், சேலத்தில் குழந்தைகளுக்கு மனநல வைத்தியம் பார்த்த டாக்டர் பஷீர் அகமது ஓர் ஆய்வுக்கு ஆள் தேடினார். ஊர் சுற்றிப் பழகிய ஆள் என்று மாதையனைச் சேர்த்துக்கொண்டார்.

"நல்லாப் பேசும், மனக்கணக்கு போடும், ஆனா எழுத்து மட்டும் பிடிபடாது. அப்படிப் பிள்ளைங்க நூத்துக்கு எத்தனை பேர்னு பார்க்கணும், மாதையன்," என்றார் டாக்டர். "எண்ணிக்கை கையில இருந்தாத்தான் அவங்களுக்குத் தனி வகுப்பு கேட்க முடியும்."

ராசிபுரத்தைச் சுற்றிப் பதினாலு பள்ளிக்கூடங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிக்க ஓர் அட்டை, அடுக்கிக் காட்ட மரக்கட்டைகள், நேரம் பார்க்க ஒரு கடிகாரம். சொல்லாமல் போய் நிற்பது மரியாதை இல்லை என்று, ஒரு வாரம் முன்னதாகவே தலைமையாசிரியருக்கு முத்திரை குத்திய பழுப்பு உறையில் கடிதம் அனுப்பிவிடுவார் மாதையன். அது அவராகச் செய்துகொண்ட ஏற்பாடு.

ஐந்து மாதத்தில் பதினாலும் முடிந்தன. ஐந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகளில் எழுத்து பிடிபடாதவர்கள் மூன்றே பேர். "நம்ம பக்கம் இந்தக் குறையே இல்லை போலிருக்கே," என்று டாக்டர் அன்று மாலையே அரைமனதாக அறிக்கை எழுத உட்கார்ந்தார்.

பதினாலாவது பள்ளிக்கூடத்தில் மாதையன் கடிகாரத்தை மறந்து வைத்துவிட்டார். மறுநாள் காலை எடுக்கப் போனால், மூன்றாம் வகுப்பின் கடைசி வரிசையில் நேற்றுப் பார்க்காத ஆறு முகங்கள்.

"ஏனுங்க சார், நேத்துத்தானுங்களே பாத்துட்டுப் போனீங்க?" என்று எழுந்து வந்தார் தலைமையாசிரியர் குமாரசாமி.

"இவிங்க யாருங்க? நேத்து இல்லீங்களே."

குமாரசாமி சிரித்தார். "அதுகளுக்குப் படிப்பு ஏறாதுங்க. இன்ஸ்பெக்சன்னு கடுதாசி வந்தா அன்னிக்கி ஊட்டுல இருந்துக்கச் சொல்லிருவோம். எந்தப் பள்ளிக்கூடத்துலதாங்க இல்ல? வர்ற ஆபீசர் எங்களையும் வைவாரு, அதுகளையும் வைவாரு. எதுக்குங்க சங்கடம்?"

"நான் இன்ஸ்பெக்டர் இல்லீங்களே."

"சீல் போட்ட கவர்ல வந்துச்சுங்களே!"

கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். பெயர் குப்பாயி, வயது ஒன்பது. "ஆபீசர் வந்தா எனக்கு எப்பவும் லீவுங்க," என்றாள் பெருமையாக. மாதையன் பையிலிருந்த கட்டைகளை எடுத்து வைத்தார். வகுப்பிலேயே யாரும் முடிக்காத வேகத்தில் அடுக்கிவிட்டு, "அவ்வளவுதானுங்களா?" என்றாள். வாசிக்கும் அட்டையை நீட்டியதும் முகம் சுருங்கிப்போயிற்று. முதல் எழுத்திலேயே நின்றுவிட்டாள்.

சேலம் போகும் பஸ்ஸில் மாதையன் கடிகாரத்தை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பதினாலு கட்டுத் தாளிலும், 'வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளையும் சோதித்தேன்' என்று எழுதி அடியில் அவர் கையெழுத்து இருக்கிறது. வேலையோ மார்ச்சு வரைதான். வாயை மூடிக்கொண்டால் அறிக்கை போய்விடும். கேட்க ஒருவரும் இல்லை. தனி வகுப்பும் வராது. பிள்ளைகளை எங்கே ஒளித்து வைப்பார்கள் என்று அறிந்தவர், இந்தத் தடவை ஒளித்து வைக்க ஒரு வாரம் அவகாசமும் கொடுத்திருக்கிறார். டிக்கெட் கேட்ட கண்டக்டர் இரண்டு தடவை தோளைத் தட்ட வேண்டியிருந்தது.

மாதையன் நடந்ததைச் சொன்னதும் டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "பதினாலுமா?"

"பதினாலுமுங்க. ஒரு இடத்துல பாத்தேன். மத்த இடத்துலயும் அதேதான் நடந்திருக்கும்."

"யாராவது புகார் சொன்னாங்களா?"

"இல்லீங்க. நானாத்தான் வந்தேன்."

டாக்டர் தாள்களை எல்லாம் கட்டி, மேசையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். பிறகு, "எல்லாத்தையும் திரும்ப எடுக்க மார்ச்சுக்குள்ள முடியாது, மாதையன். அதுக்கு மேல சம்பளம் கேட்டு வாங்க என்னால ஆகாது," என்றார்.

"தெரியுமுங்க. புதுத் தாள் குடுங்க."

புதுத் தாளின் முதல் பெயர் குப்பாயி. இந்த முறை கடிதம் எதுவும் அனுப்பவில்லை. போனதும் வருகைப் பதிவேட்டை வாங்கி, வராத பிள்ளைகளின் வீட்டுக்கே போனார். ஆட்டுப்பட்டியில் நின்றவனிடமும், அம்மாவுக்குப் பக்கத்தில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தவளிடமும் அங்கேயே அட்டையை நீட்டினார். மார்ச்சு முடிகிறபோது ஒன்பது பள்ளிக்கூடங்கள்; எழுத்து பிடிபடாத பிள்ளைகள் முப்பத்தொரு பேர். அதைப் பார்த்த டாக்டர், தான் முன்பு எழுதியிருந்த அறிக்கையின் முதல் பக்கத்தைக் குறுக்காக அடித்தார்.

ஏப்ரலில் மாதையன் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கிழங்கு எடை போடும் வேலைக்குப் போனார். பாக்கி இருந்த ஐந்து பள்ளிக்கூடங்களைக் கோடை விடுமுறை கழிந்து, ஆலைக்கு லீவான செவ்வாய்க்கிழமைகளில் சைக்கிளிலேயே போய்ப் பார்த்தார். கடைசிப் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது ஆகஸ்டு ஆகிவிட்டது. வாசலில் எதிர்ப்பட்ட தலைமையாசிரியை மயிலம்மாளுக்கு, எட்டு மாதத்துக்கு முன்னால் வந்து போன ஆள் என்று அடையாளம் தெரியவில்லை.

"எந்த ஆபீசுங்க நீங்க?"

"எந்த ஆபீசுமில்லீங்க. கிழங்கு மில்லுல எடை போடறேன். பசங்க எப்படி வாசிக்குதுங்கன்னு ஒரு டாக்டருக்காகப் பாத்துட்டுப் போறேன்."

மயிலம்மாள் அவருடைய சட்டையில் ஒட்டியிருந்த கிழங்கு மாவைப் பார்த்தார். "பாத்துக்கங்க," என்று நாற்காலியை நகர்த்திப் போட்டுவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார். ஒரு பிள்ளையையும் எழுப்பி அனுப்பவில்லை. மூன்றாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மாதையன் நாற்காலியைக் கடைசி வரிசைப் பக்கம் தூக்கிக்கொண்டு போனார்.