மூன்று தண்ணீர் கண்ட ஈரல்

அந்தக் கண்ணாடித் தகடு இரண்டு விரல் அகலம்கூட இராது. நடுவில் வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு கறை. மடவை மீனின் ஈரலை மெல்லிய சீவலாக வெட்டிச் சாயம் ஏற்றி நான் செய்த பன்னிரண்டாவது தகடு. முந்தைய பதினொன்றைப் போல அதுவும் பாழ்.

எழுபதுகளின் தொடக்கம். அடையாற்று முகத்துவார மீன்களின் ஈரலில் அழற்சி இருக்கிறது என்று காட்டிவிடத் துடித்துக்கொண்டிருந்தேன். அழற்சி இருந்தால் ரத்தக் குழாயைச் சுற்றி வெள்ளணுக்கள் மொய்க்கும். சாயத்தில் நீலப் புள்ளிகளாகத் தெரியும். எனக்கோ எல்லாமே உப்பி உடைந்த சோப்பு நுரையாகத் தெரிந்தது. “வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு நல்ல தகடு காட்டும்மா. இல்லேன்னா இந்த ஆராய்ச்சியை விட்டுடு, செதில் எண்ணப் போ” என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காலை, எங்கள் ஆய்வக அட்டெண்டர் உயிர்மீன்களோடு வந்தார். ஊரூர்க் குப்பத்துக்காரர், ஏறக்குறைய என் வயது. நான் ஈரலை எடுத்துக் குழாயடியில் அலசினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் கீரைகூட மூன்று தண்ணீர் காணாமல் அடுப்பேறாது. மீனை நான் தொட்டதே கல்லூரிக்கு வந்த பிறகுதான்.

“இன்னாமா, கொழம்பா வெக்கப் போறே? இத்தினி தபா அலசுறே!”

சிரிக்க வாயெடுத்தவள் அப்படியே நின்றேன். வெறும் தண்ணீர் உள்ளே புகுந்தால் உயிரணு உப்பி வெடிக்கும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான்! அடுத்த மீனின் ஈரலைக் கழுவாமல், உப்பு நீரில் கலந்த, திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினில் நேராகப் போட்டேன்.

“மீனுக்கு நோவு கீதுன்னு நெசமாவே காட்டிடுவியாமா?” என்றார் அவர், இப்போது சிரிக்காமல். “ஆத்துல கண்டதயும் வுடறான், மீனு கெட்டுப் பூடுதுன்னு நாங்க ஆபீசருகிட்ட சொன்னா, குடிச்சிட்டு ஒளர்றோம்ன்றான்.”

வெள்ளிக்கிழமை பேராசிரியர் நுண்ணோக்கியில் வெகுநேரம் குனிந்திருந்தார். முக்காலியிலிருந்து எழுந்து, “நீ பாருப்பா” என்று அட்டெண்டரை உட்கார வைத்தார். அவர் ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“ஐய... சைதாப்பேட்ட டேசன்ல ரயிலு வந்தாப்பல மொச்சிக்கினு கீது சார்! அப்போ நாங்க ஒளறல.”

“இல்லப்பா.”

இப்போது என் மாணவர்கள் ஒரே வாரத்தில் நாற்பது தகடு செய்கிறார்கள். ஆறு இன்னும் தெளியவில்லை. ஆனால் அந்த மாதமே தகட்டின் படத்தோடு ஒரு மனு போனது. அதிகாரிகள் குப்பத்துக்கு வந்து உட்கார்ந்து கேட்டார்கள். அந்த மனுவில் முதல் கையெழுத்து அட்டெண்டருடையது. பேராசிரியர் அதற்குக் கீழேதான் போட்டார்.