காலியாக எடுத்த படம்

எங்கள் தெருவுக்குப் பின்னால், ஏரிக்கரைக்குக் கீழே இருந்த அந்த இடத்தைக் கிரவுண்டு என்போம். கூலி வேலை முடிந்து வந்த அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் வேலிக்காத்தானை வேரோடு தோண்டிச் சமன் செய்தது. இரண்டு பக்கமும் சவுக்குக் கழியில் கோல்போஸ்ட். உத்திரமேரூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்து ஆடிவிட்டுப் போவார்கள்.

எனக்கு ஒன்பது வயதானபோது அங்கே மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்களை நட்டார்கள். புறம்போக்கு என்று அப்பா சொன்னார். பட்டா இருக்கிறது என்று கல் நட்டவர்கள் சொன்னார்கள். அண்ணன்தான் டீமுக்குக் கேப்டன். தாலுகா ஆபீசில் மனு கொடுப்பது, ஆடுகிற போட்டோவையும் சேர்த்து வைப்பது என்று முடிவானது.

சித்தப்பா உத்திரமேரூரில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை கடை கேமராவோடு வந்தார். கோல் போடுவது, டீம் வரிசையாக நிற்பது எல்லாம் எடுத்தார். பாவாடையைச் செருகிக்கொண்டு நானும் ஓரமாக நின்றேன். பிறகு சித்தப்பா கரைமேல் ஏறி நின்றுகொண்டு, "எல்லாரும் கொஞ்சம் அந்தாண்ட போங்க. ஒரு தபா காலியா எடுத்துக்கிறேன்" என்றார். அதுவும் மனுவுக்குத்தான் என்று நினைத்து விலகிக்கொண்டோம்.

ஆபீசில் மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அண்ணன் போய்க் கேட்கும்போதெல்லாம் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, டீக்கடையில் கலர் நோட்டீஸ் கொடுத்தார்கள். 'ஏரிக்கரை ஓரம் அழகிய வீட்டு மனைகள்.' மேலே எங்கள் கிரவுண்டு, கோல்போஸ்டோடு, ஆளில்லாமல். நம் இடம் பேப்பரில் வந்துவிட்டது என்று நான் ஓடிவந்து அண்ணனிடம் நீட்டினேன். அவன் அதை வெகுநேரம் பார்த்தான்.

அன்று சாயங்காலம் சித்தப்பா வந்தார். அண்ணன் சத்தம் போடவில்லை.

"இதுக்குத்தான் எங்கள அந்தாண்ட போகச் சொன்னியா சித்தப்பா?"

சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கடைக்கு வந்த ஆர்டருடா. எடுக்க மாட்டேன்னா நாளைலேர்ந்து வூட்ல குந்தினு இருக்க வேண்டியதுதான். நானும் அங்க ஆடனவன்தான்டா."

அம்மா வைத்த டீ ஆறிப் போயிருந்தது. அவர் குடிக்காமலே எழுந்து போனார். அண்ணனும் பின்னால் போய்த் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு தாலுகா ஆபீசுக்கும் அவன் போகவில்லை. போய் என்ன ஆகப்போகிறது என்று அம்மாவிடம் சொன்னதாக ஞாபகம்.

எனக்குத் தெரிந்ததெல்லாம், படத்தில் தான் இல்லை என்று அண்ணனுக்குக் கோபம் என்பதுதான். அவனைச் சமாதானப்படுத்த, பால்பாயிண்ட் பேனாவை எடுத்து அந்த நோட்டீசில், கோல்போஸ்டுக்கு முன்னால் அவனை வரைந்தேன். பனியன், முதுகில் பத்தாம் நம்பர், காலடியில் பந்து.

கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்தான். எழுந்து வெளியே போய்விட்டான்.

கால் சரியாக வரவில்லை போலிருக்கிறது என்று நான் மறுபடி வரைய உட்கார்ந்தேன்.