ரூட்டருக்கு வைத்த சந்தனப் பொட்டு

மூன்று வருடத்துக்கு முன்பு ஓர் ஆயுதபூஜை அன்று, விளாங்குடியில் எங்கள் வீட்டில் தொடங்கியது இது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். கூட்டிச் சொன்னால் பேனாவை மூடிவிடுவாள், அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

வாடிப்பட்டிப் பக்கம் ஒரு லாரிப் பட்டறையில் நாற்பது வருடம் மெக்கானிக்காக இருந்தவன் நான். ஆயுதபூஜை வந்தால் ஸ்பேனர், ஜாக்கி, சுத்தியல் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, வாழையிலையில் பரப்பிப் பொட்டு வைப்போம். மறுநாள் பூஜை போட்டு எடுக்கும்வரை ஒரு போல்ட்டைக்கூடத் தொட மாட்டோம். ஒரு தடவை மேலூர் கல்குவாரி லாரி ஒன்று நடுரோட்டில் நின்றுபோய், அதன் முதலாளியே வந்து கெஞ்சினார். நாங்கள் அசையவில்லை. சரி, அது கிடக்கட்டும்.

என் மகன் இறந்து அப்போது இரண்டு வருடம். மருமகள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. கம்பெனிகளில் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் வேலை. ஒப்பந்தம் தை மாதத்தோடு முடிகிறது. அதற்குள் ஒரு பெரிய பரீட்சையில் பாஸானால் நிரந்தரம், இல்லாவிட்டால் வேலை இல்லை. பேப்பரில் எழுதுகிற பரீட்சை இல்லை அது. பெங்களூரில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து கையால் செய்து காட்ட வேண்டும். கெடுத்து வைத்திருக்கும் இணைப்புகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். அதற்காகப் பழைய ரூட்டரும் சுவிட்சுமாக ஏழு பெட்டிகளை உள் அறையில் அடுக்கி, வயர்களைப் பின்னிப் போட்டிருந்தாள். எந்த நாளில் என்ன பழகுவது என்று கட்டம் போட்ட ஒரு தாள் சுவரில் தொங்கியது.

அன்றைக்கு ஆபீசில் ஏதோ லைன் போய்விட்டது என்று லீவு நாளிலும் கூப்பிட்டார்கள், போய்விட்டாள். நான் அந்த அறையை எட்டிப் பார்த்தேன். பெட்டிகள் மேல் ஒரே தூசி. நமக்குச் சோறு போடுகிற ஆயுதம் இதுதானே, இதற்குப் பூஜை இல்லாமலா? வயர்களை எல்லாம் பிடுங்கிச் சுருட்டினேன். பெட்டிகளைத் துடைத்துச் சாமி முன்னால் வைத்தேன். முகப்பில் வரிசையாகக் கண் கண்ணாக ஓட்டைகள் இருந்தன. ஒவ்வொரு கண்ணுக்கு மேலும் சந்தனம் வைத்தேன்.

மதியம் திரும்பி வந்தவள் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள்.

"மாமா, இதையெல்லாம் யாரு கழட்டுனது?"

"நாந்தான் தாயி. எம்புட்டுத் தூசிங்கிற!"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "ரெண்டு நாளா செஞ்ச வேலை மாமா. சேவ் பண்ணாம வச்சிருந்தேன், கரண்டு போனா அழிஞ்சிரும்."

பிரசாதம் கொடுக்க வந்த எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "மெக்கானிக்கண்ணே, லாரி தீந்துபோச்சுன்னு மருமக பொழப்பைக் கழட்டிப்புட்டீகளா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இன்னிக்கு எடுக்கக் கூடாதுல்ல மாமா?" என்றாள் மருமகள். விளக்குக்கு முன்னால் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக நானே தூக்கிக்கொண்டு போய் உள் அறையில் வைத்தேன். நாற்பது வருடத்தில் அந்த நாளில் ஆயுதத்தைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் மாட்டிவிட்டாள். ஒரே ஓர் இணைப்பு மட்டும் வருவதும் போவதுமாக இருந்தது. இரண்டரை மணி நேரம் லேப்டாப்பில் தேடினாள். கடைசியில் பார்த்தால், ஓர் ஓட்டைக்குள் சந்தனம் வழிந்து காய்ந்திருந்தது. நான் தலையைத் தொங்கப் போட்டேன். அவளோ சுவரில் இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பாப் படிச்சிருக்கேன் மாமா. நானே கெடுத்து, நானே கண்டுபிடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். அடுத்தவங்க கெடுத்ததைத் தேட எனக்குத் தெரியல."

தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் ஒட்டினாள். கூட வேலை பார்ப்பவர்களிடம் சொல்லி, ஆளுக்குச் சில கோளாறுகள் செய்து லேப்டாப்புக்கு அனுப்பச் சொன்னாள். தினம் காலையில் அவள் குளிக்கப் போகும்போது அதில் ஒன்றை நான் அமுக்க வேண்டும், அந்தக் கோளாறு பெட்டிகளில் ஏறிவிடும். என் பங்குக்கு ஒரு வயரையும் மாற்ற வேண்டும். என்ன செய்தேன் என்று மூச்சு விடக் கூடாது. ஆபீசுக்குக் கிளம்புவதற்குள் அவள் கண்டுபிடித்துவிட வேண்டும். ஆயுள் முழுக்கக் கோளாறைச் சரிசெய்தவனுக்குக் கெடுக்கிற வேலை!

ஒரு மாதம் ஓடியது. ஒரு நாள் காலையில் அவளுக்குக் கண்ணெல்லாம் சிவந்து, முகம் வாடிக் கிடந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. எதையும் அமுக்கவில்லை, எந்த வயரையும் தொடவில்லை. ஒரு நாளாவது பிள்ளை சுலபமாக எழுந்து போகட்டும் என்று நினைத்தேன்.

அவள் தேடினாள். ஒரு மணி நேரம் தேடினாள். இல்லாத கோளாறுக்காக நன்றாக இருந்ததை எல்லாம் மாற்றி, உண்மையிலேயே கெடுத்துவிட்டாள். ஆபீசுக்கும் நேரமாகிவிட்டது. பயந்துபோய் உண்மையைச் சொன்னேன்.

சந்தனம் வைத்த அன்றைக்குக்கூடக் குரலை உயர்த்தாதவள், அன்றைக்கு உயர்த்தினாள்.

"அது தெரியாமச் செஞ்சது மாமா. இது தெரிஞ்சு செஞ்சது. என்னையப் பாவம் பாக்காதீங்க. பெங்களூர்ல எவனும் பாக்க மாட்டான்."

மறுநாள் காலையில் ஒரு வயருக்குப் பதில் மூன்று வயரை மாற்றி வைத்தேன். கண்டுபிடித்துவிட்டு, "இதுதான் மாமா கோளாறு!" என்று சிரித்தாள்.

கார்த்திகைக் கடைசியில் பெங்களூர் போனாள். முடிவு வந்ததும் போனில், "மாமா, வேலை நின்னுருச்சு" என்றாள். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். "நெலைச்சு நின்னுருச்சு மாமா, பாஸாயிட்டேன்" என்ற பிறகுதான் மூச்சு வந்தது.

மகன் போன நாளிலிருந்து அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 'பாவம்' என்ற ஒரு சொல்தான் தோன்றும். இப்போதும் யார் மேலாவது இரக்கப்பட்டு அவர்கள் பாரத்தை இறக்கிவைக்கக் கை நீளும்போது, அந்தக் காலையில் அவள் போட்ட சத்தம் காதில் விழுகிறது. இவர் உண்மையிலேயே இதைத்தான் கேட்டாரா என்று ஒரு நிமிடம் நின்று யோசிக்கிறேன்.