ஹுன்னஸ்கிரியவில் இருந்த என் பெயர்

மகளை முதலாம் ஆண்டில் எங்கே சேர்ப்பது என்று நானும் மனைவியும் ஒரு வருடமாகவே பேசிக்கொண்டிருந்தோம். நாங்கள் வாடகைக்கு இருக்கும் கட்டுகஸ்தோட்டை வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கிறது. கண்டி டவுனில் பெரிய பள்ளிக்கூடம். அங்கே என்றால் காலை ஆறு மணிக்கே பாலம் தாண்டி பஸ் ஏற வேண்டும்.

"சின்னப் பள்ளிக்கூடத்துல அஞ்சாம் ஆண்டுக்கு மேல வகுப்பே இல்லீங்க. அப்புறம் எங்க கொண்டுபோய்த் தள்ளப் போறீங்க?" என்பாள் மனைவி.

நான் ஐந்தாம் ஆண்டோடு நிறுத்தியவன். பெரிய பள்ளிக்கூடத்து நேர்முகப் பரீட்சையில் அதிபர் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்வதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கும். அதை அவளிடம் சொல்லவில்லை. "பஸ்ல நசுங்கிப் போவாளே" என்று மட்டும் சொல்வேன். கடைசியில் அவள் சொன்னதே சரி என்று பட்டது. டவுன் பள்ளிக்கூடத்துக்கே விண்ணப்பம் போட முடிவு செய்தோம்.

அதற்குப் பெற்றோர் இருவரின் பெயரும் ஐந்து வருட வாக்காளர் இடாப்பில், அதாவது வாக்காளர் பட்டியலில், இந்த விலாசத்தில் இருக்க வேண்டும். அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. மகள் பிறந்த வருடமே ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் அண்ணனிடம், அங்கே இருக்கும் என் பெயரை எடுத்துவிடச் சொல்லியிருந்தேன். "எடுத்துட்டேன் தம்பி" என்று அண்ணன் சொன்னார். இங்கே வீட்டுக்காரரும் வருடா வருடம் எங்கள் இருவரின் பெயரையும் எழுதிக் கொடுத்தார்.

இடையில் தேர்தல் வந்தபோது என் வாக்காளர் அட்டை மட்டும் தோட்டத்துக்குப் போனது. "பழைய இடாப்புல வந்திருக்கு. இந்தத் தடவை இங்க வந்து போட்டுட்டுப் போ" என்றார் அண்ணன். நானும் சந்தோஷமாகப் போய் வாக்களித்துவிட்டு, அண்ணி ஆக்கிய கோழிக்கறியைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

கிராம சேவகர் அலுவலகத்தில் ஒரு சிங்கள அம்மா இருந்தார். தமிழ் நன்றாகவே பேசுவார். இடாப்பை இரண்டு தடவை புரட்டினார்.

"மனைவி பேரு இருக்கு. உங்க பேரு இங்க இல்லதானே. ஒவ்வொரு வருஷமும் உங்களை ஹுன்னஸ்கிரியவுல எழுதிக் குடுத்திருக்காங்க. ரெண்டு இடத்துல போட ஏலாது."

மனைவியின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு விண்ணப்பித்தோம். இருவர் பெயரும் இருந்தால்தான் முழுப் புள்ளி; எங்களுக்குப் புள்ளி போதவில்லை, நேர்முகத்துக்கே கூப்பிடவில்லை.

முடிவு வந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். அண்ணன் லயத்து வரிசை வீடுகளில் தன் ஒற்றை அறைக்கு முன்னால் விறகு பிளந்துகொண்டிருந்தார். நான் கேட்டதும் கோடரியைக் கீழே வைக்கவில்லை.

"தோட்டத்துல புது வீடு குடுக்க லிஸ்ட் எடுக்கிறாங்கடா. உன் பேரையும் போட்டு ஒரு காம்பராவுல ரெண்டு குடும்பம்னு காட்டினாத்தான் மொதல்ல கிடைக்கும். மூணு புள்ளைங்கள வச்சுக்கிட்டு ஒரே காம்பராவுல நான் எப்பிடிப் படுக்கிறேன்னு உனக்குத் தெரியாதா?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே அண்ணே."

"சொன்னா உன் பொண்டாட்டி விட்டிருப்பாளா? இப்ப என்ன குடி முழுகிப் போச்சு? நம்ம ரெண்டு பேரும் படிச்ச பள்ளிக்கூடம் கீழதான இருக்கு. கொண்டாந்து விடு. உன்னை மாதிரி பெரிய ஆளா வருவா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அண்ணி உள்ளேயிருந்து தேத்தண்ணி கொண்டுவந்தார். வாங்கிக் குடித்தேன். அண்ணன் முன்னாலேயே கேட்டிருந்தால் என் பெயரைக் கொடுத்திருப்பேனோ என்னவோ. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் மனைவி திட்டவில்லை. பாத்திரம் கழுவியபடியே, "உங்களுக்கு நிம்மதிதானே?" என்றாள். அது எனக்குச் சுருக்கென்றது. புள்ளி போதாது என்று கேள்விப்பட்ட நிமிடத்தில், இனி அந்த அதிபர் முன்னால் போய் நிற்க வேண்டியதில்லை என்று என் மனதுக்குள் ஒன்று லேசானது உண்மை. அட்டை தோட்டத்துக்குப் போன அன்றைக்கே அலுவலகத்தில் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வெட்கப்பட்டுக்கொண்டு எல்லாவற்றையும் அண்ணனை நம்பி விட்டேன்.

ஜனவரியில் மகள் சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வகுப்பில் பதினொரு பிள்ளைகள்.

அடுத்த தடவை இடாப்புப் படிவம் வந்தபோது அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார். "உன் பேரைப் போடவா, எடுக்கவா?"

"எடுத்துருங்க."

"சரி, எடுத்துட்டேன்."

அதே வார்த்தை. சில மாதம் கழித்து, வேலை செய்யும் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போய், தோட்டத்துப் பக்கக் கிராம சேவகரிடம் இடாப்பைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். வெட்கத்தை விட்டுவிட்டுத்தான் கேட்டேன். அண்ணன் பெயர் இருந்தது, அண்ணி பெயர் இருந்தது. விரலை வைத்து இரண்டு தடவை பார்த்தேன். என் பெயர் இல்லை. லயத்துக்குப் போகாமலே திரும்பிவிட்டேன்.

அன்று சாயங்காலமே அண்ணன் கூப்பிட்டார்.

"வந்து பாத்துட்டுப் போனியாமே?"

"ஆமாண்ணே" என்றேன்.

"பாப்பா பள்ளிக்கூடம் போறாளா?"

"போறா."

"எந்தப் பள்ளிக்கூடம்?"

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதைக் கேட்டார்.

"இங்க பக்கத்துலதான்" என்றேன்.